முதல் பழைய கைக்கடிகாரம்: பளபளப்பை நம்புவதா, அசலைத் தேடுவதா?

ஜோர்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலை வேளையில் செல்பவர்கள், நகர விளையாட்டரங்கின் ஓரமாகத் தரையில் விரித்த துணிகளின் மேல் பழைய கைக்கடிகாரங்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். சைக்கோ, சிட்டிசன், டைட்டோனி, ராடோ, ஒமேகா என்று எல்லாப் பெயரும் அங்கே இருக்கும். சில ஓடும். சில ஓடாது. சில புத்தம் புதிதுபோல் மின்னும். முதல் தடவையாக வாங்க வருபவரின் கை பெரும்பாலும் மின்னுவதை நோக்கித்தான் போகும். பணம் வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பினாங்குக்கும் கைக்கடிகாரத்திற்கும் உள்ள உறவு நீண்டது. 1969 வரை இத்தீவு வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. வெளிநாட்டுப் பேனா, ரேடியோ, கைக்கடிகாரம் ஆகியவை இங்கே மலிவு. தமிழகத்திற்குக் கப்பலேறியவர்கள் ஊரில் மைத்துனருக்கும் மருமகனுக்கும் கொண்டுபோன பொருள்களில் கைக்கடிகாரத்திற்குத் தனி இடம் உண்டு. 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்ட பயணிகள் பலரின் மணிக்கட்டில் இருந்தது இங்கே வாங்கிய கடிகாரம்தான். எனவே பழைய கைக்கடிகாரம் நம் மக்களுக்கு வெறும் சேகரிப்புப் பொருள் மட்டுமல்ல. பல வீடுகளில் அது அப்பாவின் அலமாரியில் இன்றும் கிடக்கும் நினைவுப் பொருள்.

அதனால், வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் இருப்பதை எப்படிக் காக்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வெவ்வேறு கேள்விகள்

பழைய கடிகாரத்தைக் கையில் எடுத்தவுடன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவது, இதன் நிலை எப்படி? அதாவது தேய்மானம், துரு, ஓட்டம். இரண்டாவது, இது எந்த அளவுக்கு அசல்? அதாவது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த பாகங்கள் இன்னும் இருக்கின்றனவா?

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கீறல் விழுந்து, டயல் சற்று மஞ்சளித்த கடிகாரம் முழுக்க அசலாக இருக்கலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் கடிகாரத்தில் டயல் ஒரு பட்டறையில் அச்சடித்ததாகவும், முட்கள் வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பழைய கடிகாரச் சந்தையில் முதலாவதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அசல் இல்லாதவற்றிலும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரைத் திருடி முழுக்கப் புதிதாகச் செய்தது போலி. உண்மையான பாகங்களையே பல கடிகாரங்களிலிருந்து எடுத்து ஒன்றாகப் பூட்டியது கலப்படம். ஆங்கிலத்தில் இதைப் 'பிராங்கன் வாட்ச்' என்பார்கள். டயலை அழித்து மீண்டும் வண்ணம் பூசி எழுதியது மறுவண்ணம். தேய்ந்துபோன சாவியையோ கண்ணாடியையோ நிறுவனத்தின் மாற்றுப் பாகத்தால் புதுப்பித்தது பழுதுபார்ப்பு. இந்தக் கடைசி வகையில் குற்றம் ஒன்றுமில்லை. விற்பவர் அதைச் சொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டயல்தான் முகம்

பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது. இயந்திரத்திற்கு மாற்றுப் பாகம் கிடைக்கும். கெட்டுப்போன அசல் டயலுக்கு ஈடு கிடைப்பது அரிது. ஆகவே சோதனையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது ஒன்று இருந்தால் போதும்.

எழுத்துகளைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை அச்சு கூர்மையாகவும் ஒரே தடிப்பாகவும் இருக்கும். மறுவண்ணம் பூசிய டயலில் எழுத்துகள் தடித்து, ஓரம் கசிந்து, சில வேளை சற்றுச் சாய்ந்தும் இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவே நேராக வந்து சேர்கின்றனவா? ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பதித்த மணிக்குறிகளின் அடியில் வண்ணம் ஏறியிருந்தாலும், தேதிச் சாளரத்தின் ஓரம் பிசிறாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். சுவிஸ் கடிகாரம் என்று சொல்லப்படும் ஒன்றில் ஆறு மணிக்குக் கீழே வழக்கமாக வரும் 'ஸ்விஸ்' அல்லது 'ஸ்விஸ் மேட்' என்ற சிறிய எழுத்து காணாமல் போயிருந்தால், அது அழிந்து மீண்டும் எழுதப்படாமல் போயிருக்கலாம்.

சைக்கோ கடிகாரங்களில் டயலின் கீழ் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதில் இயந்திரத்தின் எண்ணும் டயலின் எண்ணும் அடங்கும். டயலில் உள்ள இயந்திர எண்ணும் பின்மூடியில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால், இரண்டில் ஒன்று வேறு கடிகாரத்திலிருந்து வந்தது என்று எண்ண இடமுண்டு.

முதன்முறை வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் ஒரு வகையை இங்கே சொல்ல வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் டயலுடன் பழைய சைக்கோ 5 கடிகாரங்களும் இந்திய அரசு நிறுவனமான எச்எம்டியின் கடிகாரங்களும் மலிவு விலையில் கிடைக்கின்றன. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட, இந்திய அரசு 2016இல் ஒப்புதல் கொடுத்தது. அதன்பின் அந்தப் பெயருக்குத் தேவை கூடியது. பழைய இயந்திரத்தில் புதிதாக அச்சடித்த டயலைப் பூட்டி விற்கும் இவ்வகையைச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன அதே வகைக் கடிகாரங்கள், இன்று வண்ணம் பூசிக்கொண்டு இணையக் கடைகள் வழியாக இங்கே திரும்பி வருகின்றன. அணிந்து மகிழ விரும்புபவர் வாங்கலாம். அசல் என்று நினைத்து அசலின் விலை கொடுத்துத்தான் வாங்கக் கூடாது.

முட்களும் ஒளிப்பூச்சும்

நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். மணி முள் மணிக்குறியின் உள் ஓரம் வரை எட்ட வேண்டும். குட்டையாகவோ நீளமாகவோ இருந்தால் அவை மாற்றப்பட்டவையாக இருக்கலாம்.

இருளில் ஒளிரும் பூச்சு பெரிய சாட்சி. 1960கள் வரை பல கடிகாரங்களில் ரேடியம் பயன்பட்டது. பிறகு டிரிட்டியம் வந்தது. 1990களின் இறுதிவரை அது இருந்தது. டிரிட்டியம் உள்ள சுவிஸ் டயல்களில் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே 1970ஆம் ஆண்டுக் கடிகாரம் ஒன்று இன்று இருட்டறையில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு பின்னாளில் பூசப்பட்டது என்று பொருள். முட்களில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். டயலில் தேன் நிறமும் முட்களில் வெள்ளையும் இருந்தால், முட்கள் புதியவை.

ஓர் எச்சரிக்கை. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கடிகாரம் ஒளிரவில்லை என்பதால் அதில் கதிர்வீச்சு இல்லை என்று ஆகாது. பழைய ஒளிப்பூச்சுள்ள கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டவோ ஊதவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

கூடு சொல்லும் கதை

கூட்டில் முதலில் பார்க்க வேண்டியது விளிம்புகளை. பட்டையை மாட்டும் காதுகளின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் நல்லது. சோப்புக்கட்டி கரைந்ததுபோல் உருண்டிருந்தால் பலமுறை மெருகேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பின்மூடியில் பொறித்த எண்களும் எழுத்துகளும் மங்கியிருப்பதும் அதன் அடையாளமே. மெருகேற்றும்போது உலோகம் குறைகிறது. குறைந்த உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தங்க நிறக் கடிகாரமாக இருந்தால் பின்மூடியைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால், பின்மூடி மட்டுமே எஃகு. மற்ற பகுதி பெரும்பாலும் பித்தளை போன்ற உலோகத்தின் மேல் முலாம் பூசியது. காதுகளின் முனையில் முலாம் தேய்ந்து அடியுலோகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுமுலாம் பூசியிருந்தால் எழுத்துப் பள்ளங்கள் நிரம்பி வழவழவென்று இருக்கும்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று, வியர்வை, கடல் உப்பு. இவை மூன்றும் சேர்ந்து பின்மூடி கூட்டோடு பொருந்தும் இடத்தை அரித்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. மூடியைத் திறந்தால் குழிகுழியாக இருக்கும். டயலின் ஓரத்தில் புள்ளிகள், கண்ணாடிக்குள் பனிபோல் மூட்டம் ஆகியவையும் உள்ளே ஈரம் புகுந்ததன் அறிகுறிகள்.

சில நிறுவனங்களுக்கே உரிய அடையாளங்களும் உதவும். பழைய ஒமேகாவின் அசல் பிளாஸ்டிக் கண்ணாடியின் மையத்தில் உட்புறமாக மிக நுண்ணிய ஒமேகா குறி இருக்கும். அது இல்லையென்றால் கண்ணாடி மாற்றப்பட்டிருக்கிறது. 1962இல் வந்த ராடோ டயாஸ்டார் கடின உலோகத்தில் செய்தது. அன்றாடப் புழக்கத்தில் எளிதில் கீறல் விழாது. அதன் கூடு முழுவதும் மெல்லிய கீறல்கள் நிறைந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். பழைய ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் கடிகாரங்களில் வரிசை எண் ஆறு மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவில் இருக்கும். பட்டையைக் கழற்றினால்தான் தெரியும். பட்டையைக் கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேசாமல் இருப்பதே நலம்.

உள்ளே திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்

கொஞ்சம் அதிகமான தொகை என்றால், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். அதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரே செய்ய வேண்டும். இயந்திரத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இயந்திர எண் அந்த மாதிரிக்கு உரியதா? டயலில் '25 ஜுவல்ஸ்' என்று எழுதி, உள்ளே '17 ஜுவல்ஸ்' என்று பொறித்திருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. பழுப்பு நிறத் தூள் தெரிந்தால் துரு. பின்மூடியின் உட்புறத்தில் பழைய பழுதுபார்ப்பாளர்கள் ஊசியால் கீறிய சிறு தேதிகளும் எண்களும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. யாரோ அக்கறையோடு பராமரித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

சைக்கோவின் வயதை அறிவது எளிது. பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை அந்தந்த மாதம், பூஜ்யம் அக்டோபர், 'என்' நவம்பர், 'டி' டிசம்பர். ஆனால் இதில் பத்தாண்டு தெரியாது. இயந்திர எண்ணைக் கொண்டே அதை முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 6139 என்ற இயந்திரம் 1969இல் வந்து 1970களோடு முடிந்தது. அந்தக் கடிகாரத்தின் எண் 25 என்று தொடங்கினால், அது 1972 மே மாதத்தைச் சேர்ந்தது.

ஓட்டத்தை எப்படிச் சோதிப்பது?

'ஓடுகிறது' என்பது போதுமான பதில் அல்ல. குலுக்கினால் எந்தக் கடிகாரமும் ஐந்து நிமிடம் ஓடும். சாவி கொடுக்கும்போது சீராக இறுக வேண்டும். வழுக்கவோ கரகரக்கவோ கூடாது. முட்களை நகர்த்தி, நள்ளிரவைத் தாண்டும்போது தேதி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். தேதியைத் தனியாக மாற்றும் வசதி இருந்தால், கடிகாரம் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காட்டும்போது அதைத் தொடக்கூடாது. தேதிச் சக்கரத்தின் பல் உடையும்.

ஒன்றை மட்டும் குறை என்று தவறாக எண்ண வேண்டாம். 7009, 7எஸ்26 போன்ற இயந்திரம் கொண்ட சைக்கோ 5 கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க முடியாது. அவை கை அசைவால் மட்டுமே இறுகுபவை. அவற்றின் சாவி சும்மா சுழல்வது பழுது அல்ல.

பல பழுதுபார்ப்பாளர்களிடம் 'டைம்கிராஃபர்' என்ற சிறு கருவி உண்டு. கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்டு, நாளுக்கு எத்தனை விநாடி கூடுகிறது அல்லது குறைகிறது என்று அது சொல்லும். பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது என்பதையும் காட்டும். முழுச் சாவியில், கிடையாக வைத்த நிலையில் 250 பாகைக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல நிலை. 200க்குக் கீழே இருந்தால், முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு கணக்குக்காகச் சொன்னால், 200 வெள்ளிக்கு வாங்கிய கடிகாரத்திற்குப் பழுதுபார்ப்பு 250 வெள்ளி ஆனால், வாங்கியவருக்கு அதன் விலை 450 வெள்ளி. நல்ல நிலையில் இருந்த இன்னொன்று 350 வெள்ளிக்குக் கிடைத்திருந்தால் அதுவே மலிவு.

பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்

2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த பிலிப்ஸ் ஏலத்தில், 1957ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. கறுப்பு டயல் வெயிலில் பழுத்துப் பழுப்பாகியிருந்தது அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. அதை வாங்கியதும் ஒமேகா நிறுவனமே. ஆனால் 2023இல், அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கலப்படம் என்று அதே நிறுவனம் அறிவித்தது.

செய்த நிறுவனமே தன் கடிகாரத்தில் ஏமாற முடியும் என்றால், முதல் தடவை வாங்குபவர் எம்மாத்திரம்? அதனால் பயந்து ஒதுங்க வேண்டும் என்பதில்லை. முதல் கடிகாரம் விலை குறைந்ததாக, எளிமையானதாக, அதிகம் தயாரிக்கப்பட்ட வகையாக இருக்கட்டும் என்பதே இதில் உள்ள பாடம். மூன்று முட்களும் ஒரு தேதியும் கொண்ட சைக்கோ, சிட்டிசன், டைட்டோனி போன்றவை அதற்குப் பொருத்தம். ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரியில் பல கிடைக்கும், பாகங்களும் கிடைக்கும், தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறிது. பெட்டியும் காகிதமும் இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அவையும் தனியாக விற்கப்படுகின்றன.

வாயால் சொன்னது போதாது

விலை பேசும் முன் மூன்று கேள்விகள்: டயல் மறுவண்ணம் பூசியதா? எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது? கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது? கடையில் வாங்கினால் பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் அதில் இருக்கட்டும். எழுதித் தரத் தயங்குபவரின் தயக்கமே ஒரு பதில்.

தொழிலாக விற்பவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50 ஆயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றி அங்கே வைக்க முடியும். எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான் கோரிக்கை நிற்கும். தெருச் சந்தையில் பெயர் தெரியாதவரிடம் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் கிட்டாது. ஆகவே அங்கே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது. விலையுயர்ந்த கடிகாரம் நம்ப முடியாத மலிவில் வந்தால், அது போலியாக இருக்கலாம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திருட்டு என்று தெரிந்து வாங்குவது குற்றம்.

வீட்டில் இருப்பதைக் காப்பது

சந்தைக்குப் போகும் முன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது. அப்பாவோ தாத்தாவோ கட்டிய கடிகாரம் அங்கே இருந்தால், அதைவிட நம்பகமான பூர்வீகம் உள்ள பழைய கடிகாரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அது யார் கையிலிருந்து வந்தது என்பது குடும்பத்திற்கே தெரியும்.

அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது மூன்று சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட்டை மெருகேற்ற வேண்டாம். டயலைத் தொட வேண்டாம். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். 'புதுசு மாதிரி ஆக்கித் தாருங்கள்' என்று அன்போடு சொல்லிக் கொடுத்த எத்தனையோ கடிகாரங்கள், உண்மையாகவே புதுசாகித் திரும்பி வந்திருக்கின்றன. அப்பாவின் மணிக்கட்டில் இருந்தபோது விழுந்த கீறலும் அதோடு போய்விட்டது.

பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு குளிக்கவோ நீந்தவோ கூடாது. பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்தாலும், அந்த ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்திருக்கும். கழற்றியவுடன் வியர்வையை மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இட்ட மூடிய டப்பாவில் வைத்தால், பினாங்கின் ஈரக்காற்றிலும் அது நெடுநாள் நிலைக்கும்.